நெல் காயும் சாலையில்

சாலை எதற்காக ஏற்பட்டது என்று பட்டணவாசி ஒருவரைக் கேட்டால், "வண்டி போவதற்காக" என்று உடனே பதில் சொல்லிவிடுவார். கேட்டவருடைய புத்தியைப் பற்றியும் அவருக்குச் சற்றுச் சந்தேகம் உண்டாகும். ஆனால் தை மாதக் கடைசியில் மன்னார்குடிக்குத் தெற்கே போய் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பதில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. அங்கே சாலை என்பது நெல் காய்கிற களம். வைக்கோல் உலர்த்தும் இடம். ஆடுமாடுகள் படுத்து அசைபோடும் தாழ்வாரம். சாயங்காலத்தில் மதகுக் கட்டையில் உட்கார்ந்து பெரியவர்கள் உலக விவகாரங்களைத் தீர்த்து வைக்கும் சபாமண்டபம். இவ்வளவு காரியங்களும் போக மிச்சமுள்ள இடத்தில் வண்டியும் போகலாம்.

அந்தச் சாலையில் நாங்கள் இருவர் ஒரு மோட்டார் சைக்கிளில் பிரயாணம் செய்தோம். மன்னார்குடியில் புறப்பட்டுத் திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் போய்ச் சேருவது என்று உத்தேசம். எங்களில் ஒருவர் வண்டியை ஓட்டினார். மற்றவர் பின்னால் உட்கார்ந்து யோசனை சொன்னார். இந்த இரண்டில் யோசனை சொல்வதுதான் கஷ்டமான வேலை என்பது பின்னால் உட்காருகிறவர்கள் எல்லோருடைய அபிப்பிராயமும் ஆகும்.

மன்னார்குடியில் பொழுது விடிவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ராஜகோபால சுவாமி கோயிலின் கோபுரம் பனிமூட்டத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. ஹரித்ரா நதி என்று பெயர் பெற்ற தெப்பக்குளம் உண்மையிலேயே நதி என்று நம்பும்படி பரந்து கிடக்கிறது. ஊரைத் தாண்டியதும் இரு புறமும் வயல்கள்தான். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. முன்காலத்தில் அரிவாளும் கையுமாக வரிசை கட்டி நின்ற ஆட்களுக்குப் பதிலாக, இப்போது பெரிய பெரிய அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கியிருந்தன. இயந்திரம் நகர நகர, அதன் பின்னால் வெள்ளைக் கொக்குகள் வரிசையாக நடந்து போயின. அறுத்து முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் நூற்றுக்கணக்கான வாத்துகளை இறக்கிவிட்டிருந்தார்கள். புது வைக்கோலின் வாசனை காற்றெல்லாம் நிரம்பியிருந்தது. காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொண்டு போகிறவர்களுக்கு இந்த வாசனை கிடைக்காது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்குச் சாலையிலுள்ள எல்லாமே கிடைக்கும். சில சமயம் சாலையே கிடைத்துவிடும்.

நிற்க. இந்த அறுவடை இயந்திரத்துக்கும் சாலைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கையால் அறுத்த காலத்தில் தாள் வயலிலேயே சற்று உலரும். கட்டுக் கட்டி, களத்துக்குக் கொண்டுபோய், அடித்து, தூற்றி முடிப்பதற்குள் நெல்லும் பாதி காய்ந்துவிடும். இயந்திரமோ ஒரே மூச்சில் அறுத்து, நெல்லைப் பிரித்துக் கொட்டிவிடுகிறது. அந்த நெல்லில் பெரும்பாலும் 20 சதவிகிதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். ஆனால் சர்க்கார் நடத்தும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், 17 சதவிகிதத்துக்கு மேல் ஈரமிருந்தால் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது பொது விதி. மழை கெடுத்த பருவங்களில் இந்த விதியைத் தளர்த்தியதும் உண்டு. ஆக, ஒரு கிராமத்து நெல் முழுவதும் ஒரே வாரத்தில் ஈரத்தோடு வந்து குவிகிறது. அவ்வளவும் ஒரே வாரத்தில் காய்ந்தாக வேண்டும். களமோ பாட்டன் காலத்துக் களம். வெயிலில் சூடேறிய கறுப்புத் தார்ச் சாலை வீட்டு வாசலிலேயே நீண்டு கிடக்கும்போது, அதன் மேல் விவசாயியின் கண் படாமல் இருக்குமா?

திருத்துறைப்பூண்டிக்குப் போகும் பெரிய சாலையை விட்டுக் கிளைச் சாலை ஒன்றில் திரும்பிச் சென்றோம். ஒரு கிராமத்தின் தெருவுக்குள் நுழைந்தபோது, சாலையின் இடது பாதி முழுவதும் பொன்னிறமாக நெல் பரப்பியிருந்தது. பெண்கள் இருவர் காலாலேயே அதைத் துழாவிக்கொண்டு, மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தார்கள். நெல்லின் ஓரத்தில் அடையாளத்துக்காகத் தென்னை மட்டைகளை நீளமாகப் போட்டிருந்தார்கள். எங்கள் வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில்கூடப் போகவில்லை.

எதிரே ஒரு பஸ் வந்தது. பஸ் டிரைவர் பேரில் குற்றம் இல்லை. பஸ் போகவேண்டிய பாதியில்தான் பஸ் வந்தது. நாங்கள் போகவேண்டிய பாதியில் நெல் இருந்தது. ஒதுங்க வேறு இடம் இல்லாமல், வண்டி மட்டைகளுக்கு இடையே நெல்லின் மேல் ஏறிற்று. ஏறினாலும் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதுவரையில் நெல்லைக் கொத்திக்கொண்டு சாதுவாக இருந்த ஒரு கோழிக்கு அப்போதுதான் சாலையின் மறு பக்கத்தில் அவசர ஜோலி இருப்பது ஞாபகம் வந்தது. கோழி குறுக்கே ஓடிற்று, பிரேக் பிடிக்கப்பட்டது, முன் சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டு வழுக்க ஆரம்பித்தது. அடுத்த கணத்தில் வண்டி ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமுமாகக் கிடந்தோம். கோழிக்கு ஒரு சேதமும் இல்லை.

பின்னால் இருந்தவருடைய தலை, ஹெல்மெட்டோடு, தென்னை மட்டை ஒன்றின் மேல் போய் மோதியது. மட்டை நசுங்கியது. இந்த விவரத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"எந்திரிக்காதீங்க தம்பி! கொஞ்ச நேரம் அப்படியே இருங்க. கையக் காலை ஆட்டிப் பாருங்க" என்று ஒரு குரல் கேட்டது. நெல்லுக்குச் சொந்தக்காரரான பெரியவர் ஓடி வந்துகொண்டிருந்தார். விழுந்தவனை உடனே தூக்கி நிறுத்தக் கூடாது என்பது எத்தனையோ படித்தவர்களுக்குத் தெரிவதில்லை, இவருக்குத் தெரிந்திருந்தது. இன்னொருவர் வண்டியின் சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினார். கழுத்திலும் முதுகிலும் வலி இல்லை என்று நிச்சயமான பிறகே எங்களை எழுப்பித் திண்ணையில் உட்கார வைத்தார்கள்.

ஒருவருக்கு உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. மற்றவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. திண்ணைக்குச் சொந்தக்காரியான பாட்டியம்மாள் ஒரு பிடி காப்பிப் பொடியுடன் வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்துச் சீருடையில் இருந்த பேத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காப்பித்தூள் வைக்கக் கூடாது, அப்பாயி! எங்க டீச்சர் சொல்லியிருக்காங்க. சோப்புப் போட்டுக் கழுவணும்."

"ஆமாண்டி, நீதான் பெரிய டாக்டரு" என்றாள் பாட்டி. ஆயினும் காப்பிப் பொடி உள்ளே போயிற்று. சோப்பும் ஒரு குடம் தண்ணீரும் வெளியே வந்தன. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் காப்பிப் பொடியும் திரும்பி வந்தது. இந்தத் தடவை டம்ளரில், பாலும் சர்க்கரையும் சேர்ந்து!

வண்டியைத் தூக்கி நிறுத்தியபோது ஒரு சங்கடம் தெரிந்தது. சாய்ந்து கிடந்த நேரத்தில் பெட்ரோல் ஒழுகி நெல்லில் இறங்கியிருந்தது. பெட்ரோல் பட்ட நெல்லை ஆடுமாடுகளுக்குக்கூடப் போட முடியாது. பெரியவர் ஒன்றும் பேசாமல் முறத்தை எடுத்து, நனைந்த நெல்லைத் தனியாக வாரி ஒதுக்கினார். நல்ல நெல்லிலிருந்தும் இரண்டு கை அகலத்துக்கு வாரினார். வாசனை தட்டினால் மூட்டை முழுவதும் தள்ளுபடியாகிவிடும் அல்லவா? நஷ்டம் எவ்வளவு என்று கேட்டோம். மரக்காலால் அளந்து பார்த்தார். "ரெண்டு மரக்கா தம்பி" என்றார். அதற்கு உரிய விலையைக் கொடுத்தோம். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வளைந்திருந்த கால் மிதியை இரும்புக் குழாயைக் கொடுத்து நிமிர்த்தினாரே, அந்த வேலைக்கு எவ்வளவு என்று கேட்டபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. நெல் கணக்கு வேறு, மனிதர்கள் கணக்கு வேறு என்பது அவருடைய கட்சி.

"சாலையில நெல்லப் போடலாமா, ஐயா?" என்று எங்களில் முழங்கால் எரிந்தவர் கேட்டார்.

"தப்புதான் தம்பி. தப்புன்னு தெரிஞ்சுதான் போடறோம்" என்று பெரியவர் ஒப்புக்கொண்டார். "நிலையத்துல ஒரு மிஷினு வச்சிருக்காங்க. ஒரு பிடி நெல்லப் போட்டா நம்பரு காட்டும். பதினேழுக்கு மேல காட்டுச்சுன்னா மூட்டையத் தொடமாட்டாங்க. ஊர்க் களத்துல ரெண்டு வீட்டு நெல்லக் கொட்டினா நெறைஞ்சு போவுது. மத்தவங்க எங்க போறது? பனி வேற பெய்யுது. ரெண்டு நாள் விட்டா மொளைச்சுப் போயிடும்."

பிறகு, தென்னை மட்டைகளைக் காட்டிச் சொன்னார்: "முந்தியெல்லாம் ஓரத்துல கல்லுதான் வைப்போம். போன வருஷம் பக்கத்து ஊர்ல ராத்திரி நேரம், நெல்லுக்கு வச்ச கல்லு மேல வண்டி ஏறி ஒரு பையன் போயிட்டான். இருபது வயசு. அதுலேருந்து எங்க தெருவுல யாரும் கல்லு வைக்கிறதில்ல. பொழுது சாஞ்சா நெல்லையும் அள்ளிடுவோம்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நசுங்கிக் கிடந்த மட்டையையும் பார்த்தோம். அது கல்லாக இருந்திருந்தால், இந்தப் பிரயாணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும் அவசியம் ஏற்பட்டிராது. பெயர் தெரியாத ஒரு பையனுடைய மரணத்திலிருந்து ஒரு தெரு பாடம் படித்துக்கொண்டது. அந்தப் பாடத்தின் பலனை அந்தத் தெருவுக்குச் சம்பந்தமே இல்லாத நாங்கள் அனுபவித்தோம்.

யோசித்துப் பார்த்தால், எங்கள் தலையில் இருந்த ஹெல்மெட்டும் அப்படிப்பட்ட ஒரு பாடம்தான். இங்கிலாந்தில் டார்ஸெட் மாகாணத்துக் கிராமச் சாலை ஒன்றில், 1935-ம் வருஷம் மே மாதம் 13-ந் தேதி, ஒருவர் மோட்டார் சைக்கிளில் தம் குடிசைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர்தான் "அரேபியாவின் லாரன்ஸ்" என்று உலகப் பிரசித்தி பெற்ற டி. இ. லாரன்ஸ். மேடும் பள்ளமுமான அந்தச் சாலையில், சைக்கிளில் சென்ற இரண்டு பையன்களைக் கண்டு வண்டியை ஒதுக்கியவர், தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து, 46-வது வயதில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை செய்ய வந்த வைத்தியர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். பின்னர் அவர் மோட்டார் சைக்கிள் விபத்துக்களில் தலையில் அடிபட்டவர்களைப் பற்றி ஆராய்ந்து, 1941-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். அந்த வருஷம் நவம்பரில், பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள்காரர்கள் கவசம் அணிய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பிரிட்டனின் பொது ஜனங்களுக்கு அது சட்டமாவதற்கு 1973 வரை ஆயிற்று. நமது நாட்டிலோ, 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, ஓட்டுகிறவர், பின்னால் உட்காருகிறவர் இருவருக்குமே கவசம் வேண்டும் என்கிறது. பின்னால் உட்கார்ந்து யோசனை சொல்லுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். யோசனை உற்பத்தியாகும் இடம் தலையல்லவா?

எங்கள் சிறிய வீழ்ச்சியிலிருந்து நாங்கள் படித்துக்கொண்டதையும் சொல்லிவிடுகிறோம். வீட்டிலே மோட்டார் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் உள்ளவர்களுக்குப் பயன்படக்கூடும்.

நெல்மணி வழவழப்பான உமி போர்த்தது. இரு முனையும் கூர்ந்து, நடுவில் உருண்டது. அது பரவிக் கிடக்கும் இடத்தில் டயர் சாலையைத் தொடுவதே இல்லை; லட்சக்கணக்கான சின்ன உருளைகளின் மேல் நிற்கிறது. நல்ல தார்ச் சாலையில் வண்டியை நிறுத்துகிற வேலையில் பாதிக்கு மேல் செய்வது முன் பிரேக். நெல்லின் மேல் வண்டியைக் கவிழ்ப்பதும் அதே முன் பிரேக்தான். ஆகையால் வேகத்தைக் குறைப்பதெல்லாம் நெல் வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஏறிய பிறகு, வண்டியைச் சாய்க்காமல், திருப்பாமல், பார்வையைத் தூரத்தில் வைத்து, மெதுவாக நேரே செல்ல வேண்டும். கோழிகளின் மனோபாவத்தை முன்கூட்டி அறிய முடியாதாகையால், எதிரே பஸ் வருவது தெரிந்தால் நெல்லுக்கு முன்னாலேயே நின்று, பஸ்ஸைப் போகவிட்டுப் பிறகு கிளம்புவது உத்தமம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக், 2019 ஏப்ரலிலிருந்து, 125 ஸி.ஸி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் கட்டாயம் ஆகியிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆயினும் நெல்லின் மேல் அதுவும் வண்டியைச் சட்டென்று நிறுத்திவிடாது. மாசி, பங்குனியில் உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பி, போகிற வண்டிகளை விட்டே மிதிக்கச் செய்வதும் உண்டு. அது நெல்லைவிட ஆபத்து. கொடி சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும்.

கீழே விழுகிறவன் கையைத்தான் முதலில் ஊன்றுகிறான். ஆகவே கெட்டியான கையுறை ஆடம்பரம் அல்ல. விழுந்து எழுந்தவுடன், "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று வண்டியில் ஏறிவிடக் கூடாது. அதிர்ச்சியில் உடம்பு வலியை மறைத்து வைத்திருக்கும். அரை மணி நேரம் உட்கார வேண்டும். அதற்குள் ஹாண்டில் பாரும் முன் சக்கரமும் ஒரே நேராக இருக்கின்றனவா, பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். மண் பட்ட காயத்துக்கு டெட்டனஸ் ஊசியைப் பற்றி வைத்தியரைக் கேட்க வேண்டும். நாங்கள் அருகிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்டோம். தலையில் அடிபட்டவர் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தாலும், ஒரு நாள் முழுவதும் யாராவது கூட இருந்து கவனிக்க வேண்டும். வாந்தி, அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி, அகாலத் தூக்கம், பேச்சுக் குழறல், இவற்றில் எதைக் கண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதில் தாமதம் கூடாது. அங்கே கூப்பிட வேண்டிய டெலிபோன் எண் 108 என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வைக்கலாம்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அடிபட்டவனைத் தொட்டால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டுமே என்று பயந்து ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை. நல்லெண்ணத்தோடு உதவி செய்தவரைத் துன்புறுத்தக் கூடாது என்று, 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் 134-ஏ பிரிவில் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் நடக்கும் சாலை விபத்துக்களில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைச் சர்க்கார் செலவில் அளிக்கும் திட்டமும் 2021 டிசம்பரில் ஆரம்பமாயிற்று. எங்களைத் தூக்கிய பெரியவருக்கு இந்தப் பிரிவெல்லாம் தெரிந்திருக்குமென்று தோன்றவில்லை. தெரிந்திராவிட்டாலும் அவர் ஓடி வந்தார்.

இப்படி ஓடி வருவது இந்தப் பக்கத்துச் சாலைகளுக்குப் புதிதல்ல. திருத்துறைப்பூண்டியைத் தாண்டி வேதாரண்யத்தை நோக்கிப் போகும்போது அதை நினைக்காமல் இருக்க முடியாது. 1930 ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியில் புறப்பட்டு, ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் உப்பு எடுப்பதற்காக நடந்து வந்தார்களே, அவர்கள் வந்த வழி இது. அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களைத் தண்டிப்போம் என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் துரை பயமுறுத்தியிருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். மரத்தைக் கைது செய்யச் சட்டத்தில் இடமில்லை அல்லவா? வழியில் போகிறவன் பசித்திருந்தாலும், விழுந்து கிடந்தாலும், அவன் தங்கள் பொறுப்பு என்று நினைக்கும் ஜனங்கள் இவர்கள். அப்படிப்பட்டவர்களை, சாலையில் ஆபத்தை விளைவிக்கும் குற்றவாளிகளாக ஆண்டுதோறும் நிறுத்தி வைப்பது நியாயமாகுமா?

சாலையில் நெல் காயப் போடுவது சரியென்று நாங்கள் சொல்லவில்லை. உயிர் போகிற காரியம் எப்படிச் சரியாகும்? கல் வைக்காமல் இருப்பதும், பாதிச் சாலையையாவது விட்டு வைப்பதும், இருட்டுவதற்குள் அள்ளிவிடுவதும் ஒவ்வோர் ஊரும் நாளைக்கே செய்யக் கூடியவை. வண்டியோட்டிகளோ, இன்னொருவருடைய களத்துக்குள் நுழைகிறோம் என்ற மரியாதையுடன் நுழைய வேண்டும். ஆனால் இவையெல்லாம் தென்னை மட்டை வைத்தியம். நோய் தீர வேண்டுமானால், கிராமந்தோறும் விளைச்சலுக்கு ஏற்ற அளவில் சிமெண்டுக் களங்கள் வேண்டும். கொள்முதல் நிலையங்களின் அருகில் நெல்லை உலர்த்தும் இயந்திரங்கள் வேண்டும்.

வேதாரண்யத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. அகஸ்தியம்பள்ளியில், 1930 ஏப்ரல் 30-ந் தேதி உப்பு எடுத்த இடத்தின் ஞாபகஸ்தம்பத்தைப் பார்த்துவிட்டு, உப்பளங்களின் வரப்போரமாக நின்றோம். கண்ணுக்கு எட்டிய மட்டும் சதுரம் சதுரமாகப் பாத்திகள். வரப்புக் கட்டி, தரை சமமாக்கி, கடல் நீர் சூரிய வெப்பத்தில் காய்வதற்கென்றே அமைத்த பாத்திகள். கிலோ சில ரூபாய்க்கு விற்கும் உப்புக்கு, காய்வதற்கு இவ்வளவு ஒழுங்கான இடம் இருக்கிறது. அந்த உப்பைப் போட்டு நாம் உண்ணும் சோற்றுக்கான நெல்லோ, பஸ்ஸுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே, நடுத்தெருவில் காய்கிறது. பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனுடைய உயிர், ஒரு தெருவிலிருந்து கற்களை அகற்றியது. நெல்லையும் சாலையிலிருந்து அகற்றுவதற்கு இன்னும் எத்தனை உயிர்கள் வேண்டும் என்ற கேள்விதான், முழங்கால் காயம் ஆறிய பிறகும் எங்களுக்கு ஆறாமல் இருக்கிறது.